விளையாட்டுத் தளத்துக்கு வருகையாளர்: விலைக்கு வாங்குவதா, சேர்த்துக்கொள்வதா?

பதிவிறக்கம் செய்யாமல், பணம் கட்டாமல், இணைய உலாவியில் திறந்தவுடன் விளையாடக்கூடிய சிறு விளையாட்டுகளை ஆர்கேட் விளையாட்டுகள் என்கிறோம். காசு போட்டு ஆடும் இயந்திரங்களில் 1980 அளவில் புகழ்பெற்ற பாக்மேன் போன்றவற்றின் வழிவந்தவை இவை. இப்படியொரு தளத்தைத் தொடங்க இன்று பெரிய முதல் தேவையில்லை. கொழும்பில் அலுவலகம் வேண்டியதில்லை, மடவளையில் ஒரு வீட்டு அறையும் கணினியும் போதும். மடவளையின் பெயரிலேயே இயங்கும் தமிழ்ச் செய்தித்தளம் ஊருக்கு வெளியேயும் வாசிக்கப்படுகிறது. ஆகவே இணையத்தில் சிற்றூர் என்பது தடையல்ல.

தளத்தை உருவாக்குவதைவிடக் கடினமானது அதற்கு ஆட்களை வரவழைப்பதுதான். கணினி கற்றுவிட்டு வேலை தேடும் மலையக, வடக்கு, கிழக்கு இளைஞர்கள் பணத்தை இழப்பதும் இந்த இடத்தில்தான்.

வாங்கிய வருகை நிற்காது

"ஆயிரம் வருகையாளர் இத்தனை டொலர்" என்று விற்பவர்கள் இணையத்தில் நிறையப் பேர். அவர்கள் அனுப்புவது பெரும்பாலும் மனிதரை அல்ல, தானியங்கி நிரல்களை. எண்ணிக்கை ஏறும், ஆனால் விளையாட யாரும் இருக்கமாட்டார்கள். அதைவிடப் பெரிய நட்டம் இன்னொன்று உண்டு. கூகுளின் அட்சென்ஸ் விளம்பரச் சேவை இப்படியான போலி வருகையைக் கண்டுபிடித்தால் கணக்கையே முடக்கிவிடும். அட்சென்ஸ் பணம் அனுப்புவது வருமானம் 100 டொலரைத் தொட்ட பின்னர்தான். பல மாதங்கள் உழைத்து அந்த எல்லையை நெருங்கும் வேளையில் கணக்கு போனால் உழைப்பும் போய்விடும். 2018 பெப்ரவரியில்தான் தமிழ் மொழித் தளங்களை அட்சென்ஸ் ஏற்கத் தொடங்கியது. தாமதமாகத் திறந்த அந்தக் கதவைக் குறுக்குவழியால் மூடிக்கொள்வது புத்தியல்ல.

விளையாட்டே விளம்பரம்

2001இல் இலண்டனில் தொடங்கிய மினிகிளிப், அமெரிக்க ஜனாதிபதி புஷ் நடனமாடும் வேடிக்கை ஒன்றை மின்னஞ்சலில் பரவவிட்டு அறிமுகமானது. பார்த்தவர் சிரித்துவிட்டு இன்னொருவருக்கு அனுப்பினார். அதுதான் விளம்பரம்.

2014 மார்ச்சில் கேப்ரியேலே சிருல்லி என்ற 19 வயது இத்தாலிய இளைஞர் ஒரு வார இறுதியில் '2048' என்ற எண் விளையாட்டை எழுதி இலவசமாக வெளியிட்டார். ஒரு வாரத்துக்குள் 40 இலட்சத்துக்கும் அதிகமானோர் அதை நாடி வந்தனர். ஜோஷ் வார்டில் வெளியிட்ட 'வேர்டில்' சொல் விளையாட்டை 2021 நவம்பர் 1ஆம் திகதி ஆடியவர்கள் 90 பேர். 2022 ஜனவரி 2ஆம் திகதி அவர்கள் 3 இலட்சத்தைத் தாண்டினர். அதில் விளம்பரமே இருக்கவில்லை. விடையைக் காட்டிக்கொடுக்காமல், தான் எப்படி ஆடினேன் என்பதை மட்டும் வண்ணச் சதுரங்களாகப் பகிரும் வசதி இருந்தது. அந்த மாத இறுதியில் நியூயோர்க் டைம்ஸ் அதை வாங்கியது.

மூன்றுக்கும் பொதுவானது ஒன்றே: ஆடியவரே அடுத்தவரை அழைத்து வந்தார். எனவே ஆட்டம் முடியும் இடத்தில் "உன் புள்ளியை நண்பனுக்கு அனுப்பு" என்ற வட்ஸ்அப் பொத்தான் இருக்க வேண்டும். கிளிநொச்சியில் இருப்பவர் எடுத்த புள்ளியை ரொறன்ரோவில் உள்ள மச்சான் முந்தப் பார்ப்பார். போரால் நாடுநாடாகச் சிதறிய குடும்பங்கள் நமக்குத் தந்த வலியான வலைப்பின்னல் அது. அதற்குள் மகிழ்ச்சியான ஒன்றையும் அனுப்பலாம்.

தேடுபவர் கண்ணில் படுவது

பிற நிறுவனங்கள் இலவசமாகத் தரும் விளையாட்டுகளை ஒட்டித் தளம் அமைப்பது இலகு. ஆனால் அதே விளையாட்டும் அதே விளக்கமும் ஏராளமான தளங்களில் இருக்கின்றன. கூகுள் உங்களுடையதை முன்னே காட்டக் காரணம் எதுவுமில்லை. ஒவ்வொரு விளையாட்டுக்கும் எப்படி ஆடுவது, எங்கே சறுக்கும், எப்படி வெல்வது என்பதைச் சொந்தத் தமிழில் எழுதுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததும், படமாக ஒட்டிய தமிழும் தேடலில் அகப்படாமல் போகலாம். யுனிகோட்டில் எழுதுவதே வழி. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுபவர்களும் பலர் என்பதால், பக்கத்தின் முகவரியை அப்படி அமைக்கலாம்.

போட்டி குறைந்த இடம் நம் சொந்த விளையாட்டுகள். கிளித்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்குக் கோடுகளை மறிப்பவர்கள், நடுக்கோட்டில் ஓடும் கிளி, அகப்படாமல் தாண்ட முயலும் எதிரணி என அது இருந்தபடியே ஓர் ஆர்கேட் விளையாட்டுத்தான். பல்லாங்குழியும் அப்படியே. சிங்கள மக்களிடம் அதன் உறவான ஒலிந்த கெலிய இருப்பதால், கண்டிப் பகுதியில் ஒரே விளையாட்டை இரு மொழிகளிலும் தரலாம். முகாம்களிலும் புலம்பெயர் நாடுகளிலும் வளர்ந்த பிள்ளைகள் பலர் இவற்றைப் பெயராக மட்டுமே அறிந்தவர்கள். பெற்றோரே தேடித் தருவார்கள்.

சிறிய தொலைபேசி, குறைந்த டேட்டா

முன்னர் உலாவி விளையாட்டுகள் பெரும்பாலும் பிளாஷ் தொழில்நுட்பத்தில் இயங்கின. 2020 டிசம்பர் 31உடன் அதன் ஆதரவு நின்றது. இப்போது எச்.டி.எம்.எல். 5 முறையில் செய்யப்பட்டவையே கையடக்கத் தொலைபேசியிலும் ஓடும். பக்கத்தின் முக்கிய பகுதி இரண்டரை விநாடிக்குள் தோன்ற வேண்டும் என்பது கூகுள் வகுத்த அளவு. ரீலோட் போட்டு டேட்டா வாங்குபவர் அதற்கு மேல் காத்திருக்கமாட்டார். விலை குறைந்த தொலைபேசியில், மழை நாளில், மலையடிவாரத்தில் உங்கள் தளத்தை நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள்.

ஒரே வாசலை நம்ப வேண்டாம்

2018 மார்ச் தொடக்கத்தில் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமானது. மறுநாள் முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியவை நாடு முழுவதும் முடக்கப்பட்டன. முகநூல் திரும்பியது 15ஆம் திகதி. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் சமூக ஊடகங்கள் மீண்டும் நிறுத்தப்பட்டன. 2007இல் தமிழ்நெட் செய்தித்தளம் இலங்கைக்குள் தடுக்கப்பட்டதும் நினைவிருக்கும்.

முழு வருகையையும் முகநூல் பக்கத்தில் கட்டி வைத்திருப்பவருக்கு அப்படியான நாட்களில் கடை அடைத்த மாதிரித்தான். சொந்தத் தள முகவரியை மக்கள் மனதில் பதியவைப்பதும், தொலைபேசித் திரையில் குறுக்குவழியாகச் சேர்க்கச் சொல்வதும், தினமும் ஒரு புதிய புதிர் தந்து நேராக வரப் பழக்குவதும் இதற்கான மாற்று. வலையில்லாமலும் ஆடக்கூடியதாக விளையாட்டை அமைத்தால் இன்னும் நல்லது.

வருபவர் பிள்ளை என்பதை மறக்காதீர்

இத்தகைய தளங்களுக்கு வருபவர்களில் சிறுவர்கள் நிறைய. அதிக பணம் தருவதாக முதலில் வருபவை சூதாட்ட விளம்பரங்கள். இணைய ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகளுக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் வந்தது. வீட்டையும் நிலத்தையும் இழந்து கடனோடு மீண்டெழும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கதவைக் காட்டக்கூடாது. விளம்பர அமைப்பில் சூதாட்ட வகையை நிறுத்திவைக்கலாம். பதிவு என்ற பெயரில் பெயர், தொலைபேசி எண், பாடசாலை கேட்பதையும் தவிர்க்கலாம். இலங்கையிலும் 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

தொடங்குபவர் நூறு விளையாட்டுகளை ஒட்டத் தேவையில்லை. நன்றாக ஓடும் ஐந்து போதும். எத்தனை பேர் வந்தார்கள் என்பதை விட, நேற்று வந்தவர்களில் எத்தனை பேர் இன்று திரும்பி வந்தார்கள் என்பதை எண்ணுங்கள். ஒரு பெற்றோர் பயமின்றிப் பிள்ளையிடம் தொலைபேசியைக் கொடுக்கும் தளத்துக்கு, அந்த வீட்டிலிருந்து மட்டுமல்ல, அடுத்த வீட்டிலிருந்தும் ஆள் வரும்.