கடன், கந்தல், போர்வை

ரவிக்கை தைத்து மிஞ்சிய துண்டு, கிழிந்த சட்டை, சாயம் போன புடவை என்று ஒரு பை நம் வீடுகளில் பரணில் கிடக்கும். அதை வெளியே போடும் முன் அமெரிக்காவின் ஒரு சிற்றூரைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம். வங்கியில் கடன் பேரேடுகளோடு காலம் கழித்த எனக்கு இந்த ஊர் மேல் தனி ஈடுபாடு. காரணம், இதன் வரலாற்றில் துணியும் உண்டு, கடனும் உண்டு.

ஊரின் பெயர் ஜீஸ் பெண்ட். தெற்கே அலபாமா மாநிலத்தில், ஆறு மூன்று பக்கமும் சுற்றி ஓடும் வளைவுக்குள் இருக்கிறது. 1816-ல் ஜோசப் ஜீ என்பவர் அங்கே பருத்தித் தோட்டம் அமைத்தார். 1845-ல் அது மார்க் பெட்வே என்பவர் கைக்கு வந்தது. அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்கள் விடுதலைக்குப் பிறகும் அங்கேயே குத்தகைக்குப் பயிர் செய்தார்கள். இன்றும் ஊரில் பலருக்குக் குடும்பப் பெயர் பெட்வேதான்.

விதையும் உணவும் கடனாக வரும், அறுவடையில் கழித்துக்கொள்வார்கள். பருத்தி விலை சரியச் சரிய, கணக்கில் பாக்கி ஏறிக்கொண்டே போனது. 1932-ல், கடன் கொடுத்துவந்த வணிகர் இறந்த பிறகு, அவருடைய வீட்டார் சுமார் 60 குடும்பங்களின் உடைமைகளை ஜப்தி செய்தார்கள். மாடு, ஏர், வண்டி, சேமித்த தானியம் எல்லாம் போயிற்று. செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியால்தான் பலர் உயிர் பிழைத்தார்கள்.

வீடுகளோ மரக்கட்டைகளால் ஆனவை, இடுக்கெல்லாம் குளிர்காற்று. புதுக் கம்பளி வாங்க வழியில்லை. முழங்கால் தேய்ந்த கால்சட்டை, மாவு வந்த சாக்குத் துணி என்று கிடைத்ததையெல்லாம் பெண்கள் வெட்டி ஒட்டுப் போர்வை தைத்தார்கள். மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவில் பஞ்சு, கீழே ஒரு துணி. மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல். மாதிரிப் படம் கிடையாது, அளவும் கிடையாது. நடுவில் ஒரு சதுரம் வைத்து, நாலு பக்கமும் பட்டை பட்டையாகச் சேர்த்துக்கொண்டே போவது ஒரு முறை. அதற்குக் 'கூரை' என்று பெயர். மனம் போனபடி தைப்பதை 'என் வழி' என்றார்கள். நீலம் தீர்ந்துவிட்டால் அடுத்த பட்டை சிவப்பு, அவ்வளவுதான்! 1942-ல் மிசௌரி பெட்வே என்ற பெண்மணி, இறந்துபோன கணவரின் வேலை உடைகளையே வெட்டிப் போர்வையாக்கினார். அவரை நினைத்துப் போர்த்திக்கொள்ள அது வேண்டும் என்பது அவர் எண்ணம்.

இதற்கிடையே அரசு 1937 முதல் அந்த நிலங்களை வாங்கி, வீடு கட்டி, குறைந்த வட்டிக் கடனில் அந்த மக்களுக்கே விற்றது. அதே மக்கள், அதே மண்; கடனின் நிபந்தனை மட்டும்தான் மாறியது. அதன் அருமை 1960-களில் தெரிந்தது. வாக்குரிமை கேட்ட கறுப்பின மக்கள் அக்கம்பக்கத்து ஊர்களில் குத்தகை நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ஜீஸ் பெண்டில் சொந்த நிலம் இருந்தவர்களை அப்படி விரட்ட முடியவில்லை. ஆனால், 1962-ல் ஆற்றைக் கடக்கும் படகு நிறுத்தப்பட்டது. அது மறுபடி ஓடியது 2006-ல்தான்.

1966-ல் சுற்றுவட்டாரப் பெண்கள் சேர்ந்து 'ஃப்ரீடம் க்வில்டிங் பீ' என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். 1972-ல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறைகள் தைக்கும் வேலை கிடைத்தது. அதில் மிஞ்சிய வெட்டுத்துணியும் வீண் போகவில்லை. வீட்டுப் போர்வைகளில் ஏறியது.

2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் இந்தப் போர்வைகள் ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கின. 2006-ல் அமெரிக்க அஞ்சல் துறை 10 தபால்தலைகள் வெளியிட்டது.

எந்தக் கடன்காரரும் ஈடாக ஏற்காத பொருள் கந்தல். பேரேட்டில் அதற்கு மதிப்பு பூஜ்யம். அதைத் தைத்த கைகளின் மதிப்பைக் கண்டுகொள்ள உலகத்துக்கு எழுபது ஆண்டு பிடித்தது.

நம்மில் தையல் தெரிந்தவர்கள் சிறியதாக ஒன்று தொடங்கிப் பார்க்கலாம். ஒரு குழந்தைக்கு மூன்றடிச் சதுரம் போதும். நடுவில் வைக்கும் துண்டு மட்டும், வீட்டில் எல்லோருக்கும் பிரியமான ஒருவர் உடுத்திய துணியாக இருக்கட்டும்.