கேமரன் மலையில் காணாமல் போனவரும் நம்மவர்களும்

மாணவர்களே, கேமரன் மலைக்குப் போனால் தேயிலைத் தோட்டத்தில் படம் எடுக்கிறோம், ஸ்ட்ராபெரி வாங்குகிறோம், இறங்கி வந்துவிடுகிறோம். அந்த மலையில் இன்னும் அவிழாத ஒரு மர்மம் இருக்கிறது, தெரியுமா?

1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டை உலகறியச் செய்த அமெரிக்கர் ஜிம் தாம்சன், தாம் தங்கியிருந்த பங்களாவிலிருந்து தனியே நடக்கப் போனார். திரும்பவே இல்லை. போலீஸ், இராணுவம், ஓராங் அஸ்லி மக்கள் எல்லாரும் காட்டைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். ஒரு தடயமும் கிடைக்கவில்லை.

நண்பர் வில்லியம் வாரன் அவர் வரலாற்றை எழுதினார். ஜப்பானியத் துப்பறியும் எழுத்தாளர் மட்சுமோத்தோ செய்ச்சோ இதை வைத்தே ஒரு நாவல் படைத்தார். பினாங்கில் பிறந்த தான் துவான் எங், இதே மலையின் தேயிலைத் தோட்டத்தைக் களமாக்கி 'தி கார்டன் ஆஃப் ஈவினிங் மிஸ்ட்ஸ்' எழுதினார். அதிலும் ஒருவர் காட்டுக்குள் நடந்து மறைகிறார். 2012ஆம் ஆண்டுக்கான மேன் ஆசிய இலக்கியப் பரிசு பெற்ற அந்த நாவலின் அடியில் இருப்பது ஜப்பானியர் ஆட்சிக் காலத்தின் காயம்.

அதே காலத்தில்தான் நம் தோட்டத் தமிழர்கள் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலையும் அவசியம் படியுங்கள்.

காணாமல் போன ஒருவருக்கு இத்தனை நூல்கள். நம்மவர்களுக்கு? வீட்டில் பாட்டி தாத்தாவிடம் கேளுங்கள். பெயர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். உறுதியானது எது, கேள்விப்பட்டது எது என்று பிரித்து எழுதுங்கள். வரலாற்றுக் கட்டுரை அங்கேதான் தொடங்குகிறது.