கணினி வலைப்பின்னல் பிறந்த வரலாறு

றவுட்டர், சுவிச், பக்கெற், புரோட்டோகோல் என்னுஞ் சொற்களை மாணவராகிய நாம் பரீட்சைக்காக மனனஞ் செய்தோம். அவற்றின் வரலாற்றை அறிந்த பின்னரே பொருள் விளங்கிற்று. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

தொலைபேசியில் இருவர் பேசி முடியும்வரை ஒரு தொடர்பு அவர்களுக்கே உரியதாய் இருந்தது. கணினிகளோ விட்டுவிட்டுப் பேசுவன. அவற்றுக்கு இம்முறை வீண்செலவாகும். ஆதலின், செய்தியைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் முகவரி பொறித்து அனுப்பலாமென 1960களில் அமெரிக்கரான போல் பரனும் பிரித்தானியரான டொனால்ட் டேவிசும் தனித்தனியே கண்டனர். அத்துண்டுக்குப் 'பக்கெற்' எனப் பெயரிட்டவர் டேவிஸ். தமிழில் அது 'பொதி' ஆயிற்று.

பின்னர், அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆர்ப்பா நிறுவனம் ஆராய்ச்சி நிலையங்களின் கணினிகளை இணைக்க முற்பட்டது. ஆண்டுத் தடை எழுந்தது. விலைமிக்க தங்கள் கணினியின் நேரத்தைப் பிறர் செய்திகளுக்கு வழிகாட்டுவதிற் செலவிடப் பலர் விரும்பவில்லை; கணினிகளும் பல்வேறு வகையின. 1967இல் வெஸ்லி கிளார்க் என்பார் ஒரு வழி கூறினார். ஒவ்வோரிடத்தும் ஒரு சிறு கணினியை இடையே நிறுத்துக; பொதிகளை வாங்கி வழிப்படுத்துவது அதன் கடமையாகுக என்றார். 'ஐ.எம்.பி.' எனப்பட்ட அப்பெட்டியே இன்றைய றவுட்டரின் மூதாதை எனலாம்.

1969 ஒக்ரோபர் 29ஆந் திகதி இரவு, லொஸ் ஏஞ்சல்சிலிருந்து ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்துக்கு 'லொகின்' எனுஞ் சொல்லை அனுப்ப முயன்றனர். எல், ஓ என்னும் ஈரெழுத்துக்கள் சென்றதும் மறுமுனைக் கணினி செயலிழந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தின் பின் முயற்சி கைகூடிற்று. அவ்வாண்டு இறுதியில் நான்கு நிலையங்கள் இணைந்தன.

ஒரு கட்டடத்துள் உள்ள கணினிகளை ஒரே கேபிளில் இணைக்கும் 'ஈதர்நெற்' முறையை 1973இல் றொபேட் மெற்காஃப் வகுத்தார். இன்று நாம் சுவிச்சிற் செருகும் வயர் அதன் வழிவந்ததே.

இவ்வாறு தனித்தனி வலைகள் பல தோன்றவே, அவற்றுக்கிடையே பொது நெறி வேண்டியதாயிற்று. வின்ற் சேர்வ், றொபேட் கான் ஆகிய இருவரும் 1974இல் அந்நெறியை வரைந்து வெளியிட்டனர். அதிலிருந்து வளர்ந்த புரோட்டோகோலை 1983 சனவரி 1ஆந் திகதி ஆர்ப்பாவின் வலை ஏற்றது.

எந்நிலையமும் தன் கணினியை எறிந்துவிட்டுப் பிறரைப்போல் ஆகவேண்டி இருக்கவில்லை. பொது நெறியொன்றை ஏற்றதே போதியதாயிற்று. வீட்டு மூலையிற் கண்சிமிட்டும் அச்சிறு பெட்டி நமக்கு உணர்த்துவது இதுவன்றோ!