கூத்தரும் வழிப்பயணமும்



தறியோசை ஓய்ந்த இரவுகளிற் பாரதக் கூத்துக் கண்டு விடியளவும் விழித்திராதவர் நம் ஆரணியில் அரியர். ஆட்டத்தைக் கண்டோம்; ஆடுவோர் எவ்வாறு ஒரு கூட்டமாய்ச் சேர்ந்து, சுமை சுமந்து, ஊரூராய்ச் செல்கின்றனர் என்பதைக் கருதினோமில்லை. ஒரு கலை நிலைப்பதும் குலைவதும் பெரிதும் அவ்வேற்பாட்டைப் பொறுத்தனவாம்.

இதற்குப் பழஞ்சான்று நம் ஜில்லாவிலேயே உளது. பெருங்கௌசிகனார் 583 அடிகளில் இயற்றிய மலைபடுகடாம், செங்கண்மா என்னும் செங்கத்து நன்னனிடம் பரிசில்பெறச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறுவது. அவர் ஒரு தலைவன்கீழ், விறலியரும் உடன்வர, முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, குழல் முதலியவற்றைப் பையிலிட்டுச் சுமந்து சென்றனர். எவ்வழி இடருடைத்து, எவ்விடத்து உணவு கிடைக்கும், யாண்டுத் தங்கலாம் என்பனவற்றை அந்நூல் விரித்துரைக்கின்றது.

நிற்க. இன்று அக்கூட்டத்தின் ஸ்தானத்தில் நிற்பது தெருக்கூத்து ஜமா. வாத்தியார் ஒருவர் தலைமையில், வேஷக்காரரும் மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம் வாசிப்போருமாக ஏறக்குறைய 12 முதல் 15 பேர் சேர்ந்தது அது. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகிய மரக்கட்டை அணிகளும் உடுப்புகளும் பெட்டியிற் செல்லும். முன்னாளில் மாட்டுவண்டி, இந்நாளில் வேன். ஊரார் தாம்பூலமும் முன்பணமும் கொடுத்து அமர்த்துவர். ஊணும் உறையுளும் ஊராரைச் சேர்ந்தன. வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்வது வழக்கம். செய்யாற்றை அடுத்த புரிசை இக்கலைக்குப் பேர்போன கிராமம்.

இதனோடு நாடகக் கம்பெனிகளை ஒப்பிடுக. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். அத்தகைய கம்பெனிகளிற் சிறுவர் பலர் ஒரே வீட்டிலுண்டு உறங்கிப் பாடங்கற்றனர். திரைகளும் காட்சிச் சாமான்களும் ரயிலேறின. ஆடாத நாளிலும் அத்தனை பேர்க்கும் சோறிட வேண்டும். சினிமா வந்து வசூல் குறையவே அப்பாரத்தைத் தாங்காது பல கம்பெனிகள் கலைந்தன. மற்றொரு வகையாகிய ஸ்பெஷல் நாடகத்திலோ, பலவூர் நடிகர் தனித்தனியே வந்து, ஒத்திகையுமின்றி அன்றிரவே கூடி ஆடிப் பிரிவர், செலவு குறைவு. ஜமாவோ சிறிய கூட்டம். அண்டைக் கிராமங்களிற் சுற்றுவது. லாபமும் நஷ்டமும் எல்லார்க்கும் பொது. ஆகலின் அது நிலைத்தது.

பாவு ஓடுவோர், சாயமிடுவோர், நெய்வோர் ஆகிய பலர் கைசேர்ந்தே ஒரு சேலை முடிகின்றது. அவருள் ஒருவர்க்குக் கூலி தாழ்ந்தால் தறி நிற்கும் என்பதை நாமறிவோம். கூத்தும் அத்தன்மைத்தே. ஆதலின் திருவிழா நடத்தும் நம்மவர் நாளை முன்னரே உறுதிசெய்து, பெட்டி வைக்கப் பூட்டுள்ள அறையும், வேஷமிடுமுன் உணவும் அளித்து, விடிந்ததும் பேசிய தொகையைக் குறையாது கொடுத்து வண்டியேற்றுவாராக. நன்னன் நாட்டார் கூத்தரைப் பேணிய சிறப்பு அவ்வாறு நம்மிடத்தும் விளங்குவதாக.