பரங்கிமலையில் தொடங்கிய கணக்கு

பரங்கிமலை மாதா கோயிலுக்கு உங்களில் பலர் படியேறிப் போயிருப்பீர்கள். அங்கே ஒரு வெள்ளைக்காரரின் மார்பளவுச் சிலை இருக்கிறது. "யாரோ ஒரு துரை" என்று நானும் பல தடவை திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்திருக்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகுதான் நின்று படித்தேன். வில்லியம் லாம்டன். எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கண்ட கணக்கு, இவர் நம் ஊரில் போட்ட கோட்டிலிருந்து வளர்ந்தது.

1802 ஏப்ரல் 10ஆம் தேதி லாம்டன் தன் ஆட்களுடன் அளவையைத் தொடங்கினார். மலையடியிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் பக்கமாக ஏழரை மைல் தூரம். கையில் 100 அடி இரும்புச் சங்கிலி. ஏறக்குறைய 400 தடவை நீட்டியாக வேண்டும். வெயிலில் இரும்பு நீளும், கணக்கு தப்பிவிடும். அதனால் மரத் தொட்டிகளில் சங்கிலியைக் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்துப் பார்த்துப் பார்த்து அளந்தார்கள். சென்னையின் சித்திரை வெயிலில் அங்குலத்தின் சிறு பகுதிக்குக்கூட அவர்கள் மல்லுக்கட்டியதை நினைத்தால், தெருவில் மின்கம்பம் நடக்கூட நேர்க்கோடு பார்க்காத நம் காலம் ஞாபகம் வருகிறது. போகட்டும்.

ஏன் இந்தப் பாடு? பள்ளியில் படித்ததுதான். முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். அதில் ஒரு பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம். இப்படியே அடுக்கிக்கொண்டு போனால் சங்கிலியே இல்லாமல் நாட்டை அளக்கலாம். மேற்குக் கரை வரை போனபோது, 400 மைல் என்று நினைத்திருந்த தீபகற்பத்தின் அகலம் 360 மைல்தான் என்று தெரிந்தது.

கோணம் பார்க்கும் தியோடலைட் அரை டன் எடை. லண்டனிலிருந்து வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் கருவியைப் பத்திரமாகச் சென்னைக்கே அனுப்பி வைத்தார்கள். எதிரிக்கும் அந்தப் பெருந்தன்மை இருந்தது.

விபத்து நடந்தது 1808இல், தஞ்சாவூரில். சோழநாடு சமவெளி. ஏறிப் பார்க்க மலை இல்லை, கோயில் கோபுரங்கள்தான் உண்டு. கருவியை மேலே இழுத்தபோது கயிறு அறுந்து, அது சுவரில் மோதி வட்டம் நெளிந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் ஊருக்குக் கடிதம் எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பார். லாம்டன் ஆறு வாரம் அதனோடு அடைந்து கிடந்து, தன் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார். 1823இல் வார்தா பக்கம் ஹிங்கன்காட்டில், வேலையில் இருந்தபடியே இறந்தார்.

அவருக்குப் பின் வேலையை எடுத்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். அவரிடம் 1831இல் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கணக்கராகச் சேர்ந்த வங்காளி இளைஞர் ராதாநாத் சிக்தார். நேபாளத்துக்குள் அளவையாளர்களுக்கு அனுமதி இல்லாததால், நூறு மைலுக்கு அப்பால் சமவெளியில் நின்று கோணம் பார்த்திருந்தார்கள். அந்தக் குறிப்புகளைக் கொண்டு, 'பதினைந்தாம் சிகரம்' உலகிலேயே உயரமானது என்று 1852இல் கணக்கிட்டவர் சிக்தார். 1856இல் அறிவித்த உயரம் 29,002 அடி. பெயர் மட்டும் எவரெஸ்டுக்குப் போனது.

சிக்தார் வளைந்து கொடுக்கிறவர் இல்லை. 1843இல் டேராடூனில், அளவைத் துறைக் கூலியாட்களைக் கட்டாய வேலை வாங்கிய வெள்ளைக்கார மாஜிஸ்திரேட்டை எதிர்த்து, 200 ரூபாய் அபராதம் கட்டினார். 1851இல் வந்த நில அளவைக் கையேட்டின் முன்னுரையில் அவருக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். அவர் 1870இல் இறந்தார். 1875இல் வந்த பதிப்பில் அந்த வரிகளைக் காணோம்! ஓர் ஆங்கிலப் பத்திரிகையே அதை இறந்தவரிடம் அடித்த கொள்ளை என்று கண்டித்தது.

2004இல் நம் தபால் துறை சிக்தாருக்குத் தபால்தலை வெளியிட்டது. ஒன்று என் ஆல்பத்தில் இருக்கிறது. பரங்கிமலையில் சங்கிலி பிடித்த நம்மூர் ஆட்களின் பெயர்கள் மட்டும் எங்கேயும் என் கண்ணில் படவில்லை.