படத்தைக் கொஞ்சம் நிறுத்துறியா? வீட்டுக்குள் சினிமா வந்த கதை

இந்த எபிசோடு ஒரே ஒரு வார்த்தையில இருந்து ஆரம்பிச்சது. அந்த வார்த்தை, 'எங்களுக்கு'.

போன மாசம் ஒரு நண்பன் எங்க அசோக் நகர் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். பேச்சு 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' படத்துப் பக்கம் போச்சு. ஜியோ பேபி எடுத்த மலையாளப் படம், 2021 ஜனவரியில நீஸ்ட்ரீம்னு ஒரு சின்ன ஓடிடியில வந்து, ஊரெல்லாம் பேசப்பட்டது. "எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டான். "எங்களுக்கு அவ்வளவா பிடிக்கலடா, காட்டினதையே காட்டுறாங்க"ன்னு சொன்னேன்.

என் மனைவி தட்டை கீழ வச்சுட்டு, "எங்களுக்குன்னா யாருக்கு?"ன்னா.

எனக்கு சட்டுன்னு பதில் வரல. அன்னைக்குப் படம் முடிஞ்சதும் நான் என் கருத்தைச் சொன்னேன், அவ எழுந்து போயிட்டா. நான் அதை சம்மதம்னு எடுத்துக்கிட்டேன். "உனக்கு நூறு நிமிஷம் அந்த சமையலறையப் பாக்கவே போரடிச்சது இல்ல? படமே அதைத்தான் சொல்லுது"ன்னு அவ அப்போதான் சொன்னா.

இந்த 'எங்களுக்கு' எங்க இருந்து வந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சேன். தேடினா, வீட்டுக்குள்ள சினிமா வந்த மொத்தக் கதையும் அதுக்குப் பின்னாடி நிக்குது.

முதல்ல எங்க ஏரியா. அசோக் பில்லர் பக்கத்துல 1983-ல உதயம் தியேட்டர் வந்தது. உதயம், சூரியன், சந்திரன், அப்புறம் மினி உதயம். 2024-ல மூடிட்டாங்க. தியேட்டர்ல குடும்பமா படம் பாத்தாலும் ஒவ்வொருத்தரும் இருட்டுல தனித்தனியாத்தான் உக்காந்திருந்தாங்க. வெளிய வந்த பிறகு கருத்து சொல்றது மட்டும் பெரும்பாலும் ஆண்கள் வேலை, டீக்கடையில, ஆபீஸ்ல. பெண்களோட கருத்துக்கு சினிமா விளம்பரத்துல ஒரு பேரு இருந்துச்சு: 'தாய்க்குலத்தின் பேராதரவு'. லட்சக்கணக்கான பெண்களுக்கு சேர்த்து ஒரே ஒரு கருத்து, அதுவும் ஆதரவு மட்டும்தான்.

சரி, சினிமா எப்போ வீட்டுக்கு வந்துச்சு? சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்னைக்குத் தொடங்கியது. அப்போ எல்லாம் கறுப்பு வெள்ளை. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டித்தான் இந்தியாவுல கலர் வந்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயித்துக்கிழமை சாயங்காலம் படம். டிவி இருந்த வீட்டு ஹாலே ஒரு குட்டி தியேட்டர். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க தரையில, பெரியவங்க நாற்காலியில. என்ன படம்னு முடிவு பண்றது தூர்தர்ஷன். எப்போ ஆரம்பிக்கும், எப்போ முடியும்ங்கறதும் அவங்க கையிலதான். தோசைக்கல் காயுதேன்னு படம் நிக்காது.

அடுத்தது வீடியோ டெக். இங்க ஒரு இன்ஜினியர் பாயிண்ட் சொல்லிடறேன். சோனியோட பீட்டாமேக்ஸ் 1975-ல வந்தது, ஜேவிசியோட விஹெச்எஸ் 1976-ல. ஆரம்பத்துல பீட்டாமேக்ஸ் கேசட்ல ஒரு மணி நேரம்தான் பதிவாகும், விஹெச்எஸ்ல ரெண்டு மணி நேரம். விஹெச்எஸ் ஜெயிச்சதுக்கு இதுவும் ஒரு காரணம். பின்னாடி மூணு மணி நேரக் கேசட் வந்ததும் ஒரு முழு தமிழ்ப் படமே ஒரே கேசட்ல அடங்கிடுச்சு.

அந்த டெக்ல நிறுத்தி வைக்கிற பட்டன் இருந்தது. வீட்டுல சினிமாவை நிறுத்த முடியும்ங்கறது அதுக்கு முன்னாடி பெரும்பாலானவங்களுக்குக் கிடைக்காத வசதி. ஆனா யார் நிறுத்தினா? டெக்கை வாங்க முடியாதவங்க ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுப்பாங்க. தெருவே சேர்ந்து காசு போட்டு, விடியுறதுக்குள்ள மூணு நாலு படம் பாத்தாகணும். மீட்டர் ஓடுற ஆட்டோவுல ஏறின மாதிரிதான், நிறுத்தினா நஷ்டம்.

இந்த வீட்டு சினிமாவைப் பாத்து தியேட்டர்காரங்களும் தயாரிப்பாளர்களும் பயந்தாங்க. வீடியோல படம் காட்டுறதை ஒழுங்குபடுத்த தமிழ்நாடு அரசு 1984-லயே தனிச் சட்டம் போட்டுடுச்சு. அப்புறம் விசிடி வந்தது, ஒரு படத்துக்கு ரெண்டு மூணு தட்டு. திருட்டு விசிடி பெருகினதால 2004-ல வீடியோ திருட்டையும் குண்டர் சட்டத்துக்குள்ள கொண்டு வந்தாங்க. 2013-ல வந்த 'விஸ்வரூபம்' படத்தை கமல்ஹாசன் தியேட்டருக்கு முன்னாடியே டிடிஹெச்ல காட்டப் போறேன்னு சொன்னப்போ தியேட்டர் உரிமையாளர்கள் கடுமையா எதிர்த்தாங்க, அந்தத் திட்டம் நடக்கல. ஏழு வருஷம் கழிச்சு, கொரோனாவுல தியேட்டர்கள் மூடியிருந்தப்போ, 2020 மே 29-ல 'பொன்மகள் வந்தாள்' நேரா பிரைம்ல வந்தது. நவம்பர்ல 'சூரரைப் போற்று'.

இதுக்கு நடுவுல சன் டிவி. 1993 ஏப்ரல் 14. அப்புறம் 2006-ல தொடங்கின இலவச கலர் டிவி திட்டத்துல ஒரு கோடிக்கும் மேல டிவி கொடுத்தாங்க. டிவி இல்லாத வீடே இல்லைங்கற நிலைமை கிட்டத்தட்ட வந்துடுச்சு. ஆனாலும் ஒரு வீடு, ஒரு டிவி, ஒரு ரிமோட். அது எங்க அப்பா கைக்கு எட்டுற இடத்துல இருக்கும்.

ரிமோட்டைப் பத்தி நிறைய ஜோக் இருக்கு. நிறுத்துற பட்டனைப் பத்தி யாரும் பேசுறதில்ல. இன்னைக்கு நம்ம போன்லயும் டிவியிலயும் அந்தப் பட்டன் இருக்கு. வாடகை மீட்டர் ஓடல, அடுத்த தெருப் பையன் காத்திருக்கல. அப்போ எங்க வீட்டுல யாருக்காகப் படம் நிக்குது? இதை ஒரு வாரம் கவனிச்சேன். எனக்கு ஆபீஸ்ல இருந்து போன் வந்தா என் மனைவி உடனே நிறுத்துறா. அவ எழுந்து போனா நான், "போயிட்டு வா, என்ன நடந்துச்சுன்னு சொல்றேன்"ங்கறேன். நான் சொல்றது என் படம். அதை ரெண்டு பேரும் பாத்த படம்னு நெனச்சுக்கிட்டுத்தான் 'எங்களுக்குப் பிடிக்கல'ன்னு சொல்லியிருக்கேன்.

இந்த எபிசோடுக்காக மேற்கு மாம்பலத்துல இருக்கிற எங்க அம்மா வீட்டுக்குப் போனேன். "வீட்டுல பாத்ததுல உனக்கு எந்தப் படம்மா ரொம்ப பிடிக்கும்?"னு கேட்டேன். அப்பா பதில் சொன்னார்: "எங்களுக்கு 'மௌன ராகம்'தான்." அதே வார்த்தை! என் மனைவி என்னைப் பாத்து சிரிச்சா.

அம்மா சொன்னாங்க, "பிடிக்கும். ஆனா கடைசி சீனை நான் முழுசா பாத்ததில்ல. அந்த நேரத்துக்கு எல்லாரும் சாப்பிட உக்காருவீங்களே. ரயில் சத்தம் கேட்கும். சரி, படம் முடியப் போகுது, தட்டு வைக்கலாம்னு தெரிஞ்சுக்குவேன்."

எங்க அம்மாவுக்குப் பாதிப் படங்களோட வசனம் மனப்பாடம். அது அவங்க பாத்ததால வந்த ஞாபகம்னு இவ்வளவு நாள் நெனச்சிருந்தேன். அடுப்பு முன்னாடி நின்னு கேட்டே வந்த ஞாபகம் அது.

அன்னைக்கு ராத்திரியே 1986-ல வந்த அந்தப் படத்தை டிவியில போட்டோம். பாதியில குக்கர் விசில் வந்து அம்மா எழுந்து போனாங்க. என் மனைவி நிறுத்தினா. வீடே அமைதி. உள்ள இருந்து அம்மா குரல்: "என்னடா ஆச்சு? நெட் போயிடுச்சா?"

"இல்லம்மா, உனக்காக நிறுத்தியிருக்கோம்."

"எனக்கு எதுக்கு? நீங்க பாருங்க."

"இல்ல அத்தை, நீங்க வாங்க"ன்னு என் மனைவி சொன்னா. அம்மா கைய தொடச்சுக்கிட்டே ஓடி வந்தாங்க. ஏதோ எல்லாரையும் காக்க வச்ச மாதிரி ஒரு பதட்டம் அவங்க முகத்துல.

இந்த முறை ரயில் சத்தம் வந்தப்போ அம்மா ஹால்ல இருந்தாங்க. படம் முடிஞ்சதும் அப்பா வழக்கம்போல, "மோகன் என்னா நல்ல மனுஷன்!"னார். அம்மா கொஞ்சம் யோசிச்சுட்டு, "நல்லவன்தான். ஆனா அந்தப் பொண்ணு கல்யாணம் வேணாம்னு சொல்லிட்டேதானே இருந்தா, அதை யாரு கேட்டா? அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு சொல்லித்தானே கட்டி வச்சாங்க. நீங்க ரயிலை மட்டும் ஞாபகம் வச்சிருக்கீங்க"ன்னாங்க.

அப்பா ஆச்சரியமா, "இத்தனை வருஷத்துல நீ இதைச் சொன்னதே இல்லையே"ன்னார்.

"நீங்க படத்தைப் பத்திப் பேசுறப்போ நான் பாத்திரம் தேய்ச்சுட்டு இருப்பேன்"னு சொல்லிட்டு அம்மா எழுந்து போனாங்க, பாத்திரம் தேய்க்கத்தான். நான் பின்னாடியே போய்ப் பாதியை வாங்கித் தேய்ச்சேன். பெரிசா எதுவும் மாறிடல. அடுத்த வாரம் அம்மாவே போன் பண்ணி வேற ஒரு படம் பேரைச் சொன்னாங்க, அவ்வளவுதான்.

என் மனைவியும் நானும் 'கிரேட் இந்தியன் கிச்சன்' திரும்பப் பாத்தோம். சில சீன் இன்னும் எனக்கு நீளமாத்தான் தெரியுது. அவ ஒத்துக்கல. இப்போ யாராவது கேட்டா, "எனக்கு ஸ்லோவா இருந்துச்சு, அவளுக்குப் பிடிச்சிருந்துச்சு"ன்னு சொல்றேன்.

உங்க வீட்டுல கேட்டுப் பாருங்க. யார் எந்தப் படத்தோட எந்தப் பாதியைப் பாத்ததே இல்லைன்னு. பதிலை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. ஒரு கண்டிஷன்: அவங்களே பேசணும், நீங்க அவங்களுக்காகப் பேசக்கூடாது. அடுத்த எபிசோடுல பாக்கலாம்.