குருதியேற்றத்தின் தொடக்க வரலாறு

ஓர் உயிரின் உடலிலிருந்து எடுத்த குருதியை இன்னோர் உயிரின் இரத்தக் குழாயில் செலுத்துவது குருதியேற்றம். பேச்சு வழக்கில் இதை 'இரத்தம் ஏற்றுதல்' என்கிறோம். 17ஆம் நூற்றாண்டில் தொடங்கிய இம்முயற்சி, பாதுகாப்பான மருத்துவமாக வளர ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஆயின.

விலங்குக் குருதி

இதயம் உந்தும் குருதி உடலெங்கும் சுற்றி மீண்டும் இதயத்துக்கே வருகிறது என்று 1628இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி விளக்கினார். இதன் அடிப்படையில், ரிச்சர்ட் லோவர் 1665இல் ஒரு நாயின் குருதியை மற்றொரு நாய்க்கு ஏற்றி, குருதியிழந்து சாகக் கிடந்த அந்த நாயைப் பிழைக்க வைத்தார்.

1667 சூன் 15இல் பாரிசில் ழான் பத்தீஸ்த் தெனி என்ற மருத்துவர், காய்ச்சலால் நலிந்த சிறுவனுக்குச் செம்மறியாட்டுக் குருதியைச் செலுத்தினார். சிறுவன் தேறினான், செலுத்திய அளவு குறைவாக இருந்ததே காரணம் என்று இன்று கருதப்படுகிறது.

தவறாகப் படித்த அறிகுறி

அதே ஆண்டு டிசம்பரில் அந்துவான் மொருவா என்ற மனநோயாளிக்குத் தெனி கன்றுக்குட்டியின் குருதியை ஏற்றினார். சாதுவான கன்றின் குருதி நோயாளியின் வெறியைத் தணிக்கும் என்பது அவர் நம்பிக்கை. இரண்டாம் முறை ஏற்றியபோது மொருவாவின் கை சுட்டது, நாடித்துடிப்பு எகிறியது, வியர்த்துக் கொட்டியது, இடுப்பு வலித்தது. மறுநாள் சிறுநீர் புகைக்கரி போல் கறுத்திருந்தது. மூளையைக் குழப்பிய கரும்பித்தமே வெளியேறுகிறது என்று தெனி கருதினார்.

1668இன் தொடக்கத்தில், மூன்றாம் முறை ஏற்ற முயன்ற பின் மொருவா இறந்தார். மனைவி நஞ்சு கொடுத்ததாகச் சான்றுகள் கிடைத்ததால் நீதிமன்றம் தெனியை விடுவித்தது. ஆனால், பாரிஸ் மருத்துவப் பீடத்தின் ஒப்புதலின்றி எவருக்கும் குருதி ஏற்றக்கூடாது என்றும் ஆணையிட்டது. அதன்பின் ஏறத்தாழ 150 ஆண்டுகள் இத்துறை முடங்கிக் கிடந்தது.

மனிதக் குருதி

மகப்பேற்றின்போது குருதிப்போக்கால் தாய்மார் இறப்பதைக் கண்டு வருந்திய இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பிளண்டெல், 1818இல் மனிதருக்கு மனிதக் குருதியையே ஏற்றினார். அவருடைய நோயாளிகளில் சிலர் பிழைத்தனர், சிலர் இறந்தனர். காரணம் எவருக்கும் விளங்கவில்லை.

விடை

வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் 1901இல் மனிதக் குருதியில் வெவ்வேறு வகைகள் இருப்பதை வெளியிட்டார். பொருந்தாத குருதி சேர்ந்தால், எதிர்ப்பொருள்கள் சிவப்பணுக்களைத் தாக்கி அழிக்கும். சிதைந்த அணுக்களின் நிறமி சிறுநீரகம் வழியே வெளியேறும்போது சிறுநீர் கறுக்கும். மொருவாவிடம் தெனி கண்டது குணமாகும் அறிகுறியன்று, உடலின் எதிர்ப்பு.

1907இல் நியூயார்க்கில் ரூபன் ஓட்டன்பெர்க், குருதி ஏற்றும் முன் கொடுப்பவர், பெறுபவர் இருவரின் குருதியும் பொருந்துகிறதா என்று சோதித்துப் பார்த்தார். இன்றும் குருதி ஏற்றும் முன் இப்பொருத்தம் பார்க்கப்படுகிறது.